தொங்கல் கணக்கு

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் பூசணிக்காய் விலை கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு பார்த்தால் தகரக் கூரையைப் பார்த்தபடி மல்லாந்து கிடக்கிறேன். இடையில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. இரண்டு நிமிசம் என்றார் ஒருவர், பத்து நிமிசமாவது இருக்கும் என்றார் ஓட்டோக்காரத் தம்பி, எனக்கோ அது கண்ணை மூடித் திறந்த நேரம்கூட இல்லை. தலைக்குக் கீழே யாரோ வெங்காயச் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். அந்த மணம்தான் முதலில் வந்தது, அதற்குப் பிறகு ஆட்களின் சத்தம், அதற்கும் பிறகுதான் நான் யார், இது எந்த இடம் என்கிற விபரமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. வாயெல்லாம் இனிப்பு, சட்டைக் கழுத்தெல்லாம் பிசுபிசு. ஒரேஞ்ச் சோடா பருக்கியிருக்கிறார்கள்.

எனக்கு 53 வயது. சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்து 11 வருசம். வீடு கோண்டாவிலில், தொழில் பள்ளிக்கூடத்தில் கணக்கீடு படிப்பிப்பது. சீனிக்குக் காலையில் மெட்போமினும் கிளிக்கிளசைட்டும், இரவில் திரும்பவும் மெட்போமின், பிரஷருக்கு லொசாட்டன், இவ்வளவுதான் என்ர மருந்துப் பெட்டி. இன்சுலின் இல்லை. அதனால் சீனி இறங்கி விழுவதெல்லாம் ஊசி போடுகிற ஆட்களுக்கு வருகிற விசயம், எங்களுக்கு ஏறுவதுதான் பிரச்சினை என்றுதான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன். கிளினிக்கில் இத்தனை வருசமாக ஒருவரும் அதை மாற்றிச் சொல்லவில்லை, சரி, நானும் கேட்கவில்லை.

இனி அந்தச் சோடாவைப் பற்றி. பருக்கிய ஆளுக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டவள், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தச் சோடாதான் என்ர வழக்கின் ஒரே சாட்சியத்தை அழித்தது. யாரோ 1990 என்கிற அவசர இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ் வந்து (2018 ஆடியில் வடக்குக்கும் வந்த அந்தச் சேவை இல்லாத காலத்தில் நாங்கள் ஓட்டோவில் மடித்துப் போட்டுக்கொண்டு ஓடியதை நினைத்துப் பார்க்கிறேன்) விரலில் குத்திப் பார்த்தபோது சீனி 163. அரைப் போத்தல் சோடா உள்ளே போய் இருபது நிமிசத்துக்குப் பிறகு எடுத்த 163 என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. விழும்போது 45 ஆக இருந்திருக்கலாம், 145 ஆகவும் இருந்திருக்கலாம். சோடா மட்டுமில்லை, விழுந்த பயத்தில் உடம்பே ஈரலில் இருக்கிற சீனியை எடுத்து வெளியே விடுமாம். டொரன்டோவில் இருக்கிற மகள் அன்று இரவு எடுத்து, "163 எண்டால் எங்கட கணக்கில எத்தனை அம்மா?" என்றாள். அங்கே அவர்களுக்கு வேறு அளவை, எங்கட இலக்கத்தை 18ஆல் பிரிக்க வேண்டும். "ஒன்பது" என்றேன். "அப்ப சீனி இறங்கேல்லையே" என்று பெருமூச்சு விட்டாள். அவளுக்குச் சோடாக் கதையைத் திரும்ப முதலிலிருந்து சொல்ல வேண்டியதாகப் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டொக்டர். ஈ.சி.ஜி. எடுத்தாயிற்று, இரத்தம் எடுத்தாயிற்று. சீனி வருத்தம் நாள்பட்டால் நெஞ்சுநோ இல்லாமலே மாரடைப்பு வந்துபோகலாம், அதனால்தான் முதலில் அதைப் பார்க்கிறோம் என்றார். அது இல்லை. பிறகு கட்டில் விளிம்பில் கை ஊன்றிக்கொண்டு, "நீங்கள் விழேக்க ஆர் பாத்தது அம்மா?" என்று கேட்டார். என்ர மனுசன் வீட்டில், மாமி வீட்டில், என்னுடன் வந்த ஒருவரும் இல்லை. "ஸ்கானைவிட எனக்கு அதுதான் தேவை. நிறம் எப்படி இருந்தது, வேர்த்ததோ, கை கால் இழுத்ததோ, எவ்வளவு நேரத்தில கண் முழிச்சீங்கள், முழிச்ச உடனே தெளிவாக் கதைச்சீங்களோ. இது ஒண்டும் உங்களுக்குத் தெரியாது, பாத்த ஆளுக்குத்தான் தெரியும்." நாக்கைக் கடித்திருக்கிறேனா என்று பார்த்தார். இல்லை. உடுப்பு நனைந்ததா என்று கேட்டார். நனைந்திருந்தது, சோடாவால்.

அடுத்த கேள்வி, காலையில் சாப்பிட்டீர்களா? குரக்கன் புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, ஏழரைக்கு. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறினால் 25 நாளும் எங்கட வீட்டில் மீன், இறைச்சி இல்லை, அதற்காகப் பட்டினியும் இல்லை. இதை நான் அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் மாமி சொல்கிறார், "எங்க சாப்பிட்டனீ? பாதிக்கு மேல கோழிக்கெல்லோ போட்டாய், சந்தைக்குப் பிந்துது எண்டு." மனுசன் சொல்கிறார் கோப்பை கழுவி வைத்திருந்தது என்று. கோப்பை கழுவியிருந்தால் சாப்பிட்டதாக அர்த்தமா? கோழி தின்ற கோப்பையையும் கழுவித்தானே வைப்பார்கள். எனக்கு நினைவில் இருப்பது நான் ஒவ்வொரு நாளும் சாப்பிடுகிற புட்டா, அன்றைக்குச் சாப்பிட்ட புட்டா என்று இன்றுவரை பிரித்தெடுக்க முடியவில்லை.

அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கொண்டுவந்தார்கள். வெய்யில். பித்தம். இரத்தம் காணாது. மாதவிடாய் நிற்கிற வயசு. ஒடியற் கூழ் குடிக்காத உடம்பு. மாமி செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டார், ஒருவருக்கும் இருமல் வரவில்லை, ஆகவே நாவூறுதான் என்று முடிவாயிற்று. எதையும் நான் மறுக்கவில்லை. காரணம் என்று ஒன்று இருந்தால் எல்லாருக்கும் நித்திரை வரும், எனக்கும்தான்.

மூன்று கிழமையில் எல்லாச் சோதனையும் முடிந்தது. படுக்கவைத்து பிரஷர் எடுத்து, எழுப்பி நிற்கவைத்து ஒரு நிமிசத்திலும் மூன்று நிமிசத்திலும் எடுத்தார்கள். நீண்டகாலச் சீனி, எழும்பும்போது காலில் இருக்கிற இரத்தக் குழாயை இறுக்கிப் பிடிக்கிற நரம்பைத் தளர்த்திவிடும், அப்போது இரத்தம் கீழேயே நின்றுவிடும், மூளைக்குப் போதாமல் போகும் என்று விளங்கப்படுத்தினார்கள். மேல் இலக்கம் 20 இறங்கினால் அது பிழை. எனக்கு 138இலிருந்து 121. இறக்கம் 17. பாஸா பெயிலா என்று கேட்டால் பாஸ், ஆனால் நான் படிப்பிக்கிற பிள்ளை இப்படி மூன்று புள்ளியில் தப்பினால் தாயைக் கூப்பிட்டுக் கதைத்திருப்பேன். எக்கோ என்கிற இதய ஸ்கானில் குறையில்லை. பிறகு ஹோல்டர், அது 24 மணித்தியாலம் நெஞ்சில் வயர் ஒட்டி இடுப்பில் பெட்டி கட்டி இதயத் துடிப்பைப் பதிகிற சாமான். யாழ்ப்பாணத்து ஆவணி வெய்யிலில் குளிக்காமல் அந்தப் பெட்டியோடு ஒரு நாள் இருந்தேன். அந்த 24 மணித்தியாலமும் இதயம் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1சி. 6.2 வீதம். நான் சந்தோசப்பட்டேன். டொக்டர் படவில்லை. "கிளிக்கிளசைட் போடுற ஆளுக்கு 6.2 எண்டால், அந்தச் சராசரிக்குள்ள எத்தனை தரம் கீழ இறங்கியிருக்கோ தெரியாது" என்றார். சராசரி எப்படிப் பொய் சொல்லும் என்று வகுப்பில் வருசா வருசம் படிப்பிக்கிறவளுக்கு இதை இன்னொருவர் சொல்லித் தர வேண்டியிருந்தது. மெட்போமின் தனியாக என்றால் சீனியைக் கீழே தள்ளுவது அரிது. கிளிக்கிளசைட் அப்படியில்லை, அது கணையத்தைத் தட்டி இன்சுலினை விடச் சொல்லும், நீ சாப்பிட்டாயா இல்லையா என்று விசாரிக்காது.

ஆக, சீனி, பிரஷர், இதயம் என்று மூன்று சந்தேகம், ஒன்றுக்கும் ஆதாரம் இல்லை. இப்படி ஒன்றும் அகப்படாமல் போவது புதினமில்லை, நிறையப் பேருக்கு அப்படித்தான் என்றார்கள். ஆறுதலுக்குச் சொன்னதுதான். எனக்கு ஆறவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மனுசனைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன், பார்த்த ஆளைத் தேட.

தேடத் தேவை வரவில்லை. பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்த ஆச்சி என்னைக் கண்டதும், "வந்திட்டியோ பிள்ளை, நான் உன்னை ஆர் எவரெண்டு தெரியாமல் எங்க விசாரிக்கிறது" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன், அவர் வெற்றிலையைக் குதப்பியபடி சொன்னார்.

"நீ காயைத் தட்டிப் பாத்துக்கொண்டு நிண்டனீ. கிலோ 120 எண்டன். '120' எண்டாய். பிறகும் '120' எண்டாய். மூண்டாந்தரமும் அதையே சொல்ல, விலை குறைக்கக் கேக்கிறாளாக்கும், பகிடி விடுறாளெண்டு நினைச்சுப்போட்டன். நிமிந்து பாத்தால் முகம் சுண்ணாம்பு. நெத்தியில முத்து முத்தா வேர்வை. தராசைப் பிடிக்கப் பாத்தனீ, கை அகப்படேல்லை. அப்பிடியே குந்திச் சரிஞ்சாய், அடிச்சு விழேல்லை."

"கை கால் இழுத்ததோ ஆச்சி?"

"கால் ரெண்டு தரம் உதறினது. அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு பொயிலைத் துண்டு கிழிச்சு வாயில போடுற நேரம். பிறகு நீயாக் கண் முழிச்சிட்டாய். ஆனா ஆக்களைத் தெரியேல்லை, முழுசிக்கொண்டு கிடந்தனீ. சோடா உள்ள போனாப் பிறகுதான் வாய் திறந்தனீ."

டொக்டர் இதை முழுதாகக் கேட்டு, பொயிலைத் துண்டு உட்பட எழுதிக்கொண்டார். ஒரே விலையைத் திரும்பத் திரும்பச் சொன்னது, வேர்வை, சோடாவுக்குப் பிறகு தெளிந்தது, இதெல்லாம் சீனி இறங்கியதற்குப் பொருந்தும். ஆனால் சீனி இறங்கி நினைவு போனால் சீனி உள்ளே போகாமல் ஒரு நிமிசத்தில் தானாகக் கண் முழிப்பது வழக்கமில்லை. வெளிறினது, குந்திச் சரிந்தது, படுத்ததும் முழித்தது எல்லாம் பிரஷர் இறங்கியதற்குப் பொருந்தும். கால் உதறினதை வலிப்பு என்று எடுக்கத் தேவையில்லை, சாதாரண மயக்கத்திலும் அப்படி உதறும். இரண்டும் சேர்ந்தும் வந்திருக்கலாம். நான் கேட்டேன், "அப்ப எதெண்டு எழுதுறீங்கள்?" துண்டில் ஒரு கேள்விக்குறி போட்டுத் தந்தார்.

கணக்கீடு படித்தவர்களுக்குத் தெரியும், பேரேட்டு மீதிகளை எல்லாம் வரவு, செலவு என்று இரண்டு பக்கமாகப் போட்டுக் கூட்டிப் பார்க்கிற பரீட்சை மீதியின் இரண்டு பக்கமும் ஒத்துவராவிட்டால், பிழை எங்கே என்று தெரியாவிட்டால், அந்த வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கு என்று ஒன்றைத் திறந்து அதில் போட்டுவிட்டு மேலே போகலாம். பிழை அகப்படும் நாளில் அதைச் சரிக்கட்டலாம். வித்தியாசத்தை இல்லையென்று மறைப்பதும் பிழை, அதற்காகப் பேரேட்டையே மூடிவைத்துவிட்டு அழுதுகொண்டிருப்பதும் பிழை. இருபது வருசமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கென்று வந்தபோது முதலில் செய்தது அழுதுகொண்டிருந்ததுதான்.

உண்மையில் விழுந்ததைவிட விழுந்ததற்குப் பிறகு வந்த இரண்டு மாதம்தான் கொடுமை. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும். சீனி இறங்கினாலும் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வேர்க்கும். இரண்டையும் வெளியிலிருந்து பிரிக்க வழியில்லை, உள்ளேயிருந்தும் இல்லை. வகுப்பில் கரும்பலகைக்குத் திரும்பினால் முதுகு குளிரும், உடனே கதிரையில் இருந்து விரலைக் குத்துவேன், 118. அரை மணித்தியாலத்தில் திரும்ப, 112. ஒரு நாளில் ஒன்பது ஸ்ட்ரிப் முடித்தேன். ஸ்ட்ரிப் விற்கிற விலைக்கு அது ஒரு நாள் சமையல் செலவுக்கு மேலே. மனுசன் ஒன்றும் சொல்லவில்லை, பாமசியிலிருந்து இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். அவருக்கு அவருடைய பயம். நான் குளிக்கப் போனால் கொண்டி போடக்கூடாது என்று சட்டம், ஐந்து நிமிசத்துக்கு ஒரு தரம் கதவில் தட்டி, "இருக்கிறீரோ?" என்பார். "இருக்கிறன்" என்று சொல்ல வேண்டும். வாயில் பற்பசை நுரை இருந்தாலும் சொல்ல வேண்டும்.

ஸ்ட்ரிப் பைத்தியத்தை நிறுத்தியது கொப்பிதான். டொக்டர் சொன்னபடி நேரம், சீனி, என்ன சாப்பிட்டேன், என்ன செய்துகொண்டிருந்தேன், எப்படி இருந்தது என்று கோடு கீறி எழுதத் தொடங்கினேன், கோடு கீறினால் எனக்குக் கொஞ்சம் உயிர் வரும். ஒரு மாதம் எழுதிய பிறகு பார்த்தால், "மயக்கம் வருகிற மாதிரி" என்று எழுதிய 31 இடத்தில் சீனி 70க்குக் கீழே இருந்தது இரண்டே இரண்டு இடம், 66உம் 68உம். இரண்டும் காலைச் சாப்பாட்டுக்கும் மதியத்துக்கும் இடையில், அதிகம் நடந்த நாட்கள். மற்ற 29உம் பயம். அதைக் கண்டபோது சிரிப்பும் வந்தது, அந்த இரண்டும் வயிற்றைக் கலக்கியது. டொக்டர் கொப்பியைப் பார்த்துவிட்டுக் கிளிக்கிளசைட்டைப் பாதியாக்கினார். இப்போது காலைச் சீனி முன்னைப்போல 105, 108 என்று நிற்பதில்லை, 130 ஆகிறது. முன்பென்றால் அதற்கே மனம் உடைந்திருப்பேன்.

கைப்பையில் எப்போதும் குளுக்கோஸ் பைக்கற் ஒன்று. 70க்குக் கீழே என்றால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது, 15 நிமிசம் பொறுத்துத் திரும்பப் பார்ப்பது, ஏறாவிட்டால் இன்னொரு தரம். அதற்குப் பிறகு ஏதாவது ஒழுங்காகச் சாப்பிடுவது. சொக்லேட் உதவாது, அதிலிருக்கிற கொழுப்பு சீனியை மெதுவாக்கிவிடும். படுக்கையிலிருந்து எழும்பும்போது விளிம்பில் இருந்து காலை ஆட்டிவிட்டுத்தான் நிற்பது. ஸ்கூட்டியைச் சோதனைகள் முடியும்வரை தொடவில்லை, இப்போது குத்திப் பார்த்துவிட்டுத்தான் சாவியை எடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்: ரீச்சர் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்கவிடுங்கோ, 1990க்கு அடியுங்கோ, நினைவில்லாத ஆளின் வாயில் ஒன்றும் ஊத்தாதேங்கோ, மூச்சுக் குழாய்க்குள் போய்விடும், முழித்து விழுங்கத் தெரிந்தால் மட்டும் இனிப்பு. முடிந்தால் அதற்கு முதல் விரலில் ஒரு குத்து. ஒரு பெடியன் எழும்பி, "ரீச்சர், நாங்கள் குத்தலாமோ?" என்று கேட்ட ஆசையைப் பார்த்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது.

ஆச்சியிடம் இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். போனதும் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, "முதல்ல இரு" என்பார், விலை பிறகுதான். ஒரு நாள் என்ர மருந்துக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "உதைத்தான் பிள்ளை எனக்கும் தாறவங்கள்" என்று மடியிலிருந்து கொட்டைப்பெட்டியை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, சில்லறை எல்லாவற்றுக்கும் அடியில் மடித்த கடதாசிப் பைகள், பாதி எழுத்து அழிந்துவிட்டது. ஒன்றில் மெட்போமின். மற்றதில் கிளிக்கிளசைட். விடிய நாலரைக்குச் சந்தைக்கு வெளிக்கிடும்போது இரண்டையும் பிளேன்ரீயோடு விழுங்குகிறவர், முதல் சாப்பாடு பத்து, பத்தரைக்கு, யாவாரம் ஓய்ந்தால்.

"இடைக்கிடை கை நடுங்கிறதில்லையோ ஆச்சி?"

"நடுங்கும். வயசெல்லோ."

நிப்பாட்டாதேங்கோ, ஆனால் அடுத்த கிளினிக்கில் உங்கட நேரத்தைச் சொல்லிக் கேளுங்கோ, அதுவரைக்கும் வெறும் வயிற்றில் போடாதேங்கோ என்று கையைப் பிடித்துச் சொன்னேன். "நாலரைக்கு எனக்கு ஆர் புட்டு அவிக்கிறது?" என்று சிரித்தார். கிளினிக் துண்டின் பின்பக்கத்தில் நான் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன், அவர் அதையும் கொட்டைப்பெட்டிக்குள் அடியில் செருகினார்.

போன வெள்ளி போனபோது தராசுக்குப் பக்கத்தில் பேப்பரில் சுற்றிய பணிஸ் ஒன்று இருந்தது. பாதி கடித்தது.